பச்சை எழுத்தில் ஒரு பொய்

கெட்ட செய்தி சொல்ல எனக்கு வராது. பள்ளியில் கணக்கில் ஃபெயிலானபோதுகூட, வீட்டில் "தமிழ்ல நல்ல மார்க்" என்றுதான் ஆரம்பித்தேன். இந்தக் குணத்தோடு ஒருவன் எந்த வேலைக்கும் போகலாம். பிழைச் செய்தி காட்டும் வேலைக்கு மட்டும் போகக் கூடாது. நான் அதற்குத்தான் போனேன்.

நாவலூரில் ஒரு சின்ன கம்பெனி. பதினோரு பேர் எழுதும் புரோகிராம்களை ஒரே சர்வரில் சேர்த்துவைக்க எங்களுக்கென்றே ஒரு மென்பொருள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதையெல்லாம் அது நினைவில் வைத்திருக்கும். அனுப்பியதை வாங்கிக்கொள்ள முடியாவிட்டால் சர்வர் காரணம் சொல்லி மறுக்கும். அந்த மறுப்பை அனுப்பியவர் கண்ணில் காட்டும் பகுதிதான் என் பொறுப்பு. புரொபேஷன் முடிய இரண்டு வாரம் இருந்தது.

சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பின் மேஜையில் டீம் லீட் ரஷீதா அக்கா. (திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குத் திட்டே தேவலை.) சர்வர் என்ன பதில் சொன்னாலும் 'சேர்ந்துவிட்டது, நன்றி' என்று பச்சையில் வரும்படி எழுதிவிட்டேன். அப்போதைக்குத்தான், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்தும் போனேன். அதுவே எல்லோருடைய கணினிக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே சர்வரில் இடம் நிரம்பிவிட்டது. பாவம், அது ஒவ்வொரு முறையும் இடமில்லை, இடமில்லை என்று கதறியிருக்கிறது. நான் பதினோரு பேருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு நாள் ஆபீஸே சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா பழைய லேப்டாப்பைக் கொடுத்துப் புதியது வாங்கினார். பழையதில் இருந்ததையெல்லாம் உடனே அழித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு அவரவர் கணினியில் பிரதி இருந்தது. அக்காவின் நாலு நாள் உழைப்பு மட்டும் எங்குமே இல்லை. திங்கட்கிழமை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டியதே அதைத்தான். (சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.) அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"சர்வர் முடியாதுன்னு சொல்லுச்சா?"

"சொல்லுச்சுக்கா."

"அப்புறம் ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

சிவப்பைப் பார்த்தால் நீங்கள் கண்ணாடியைத் துடைப்பீர்களே என்று பயம் என்றேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அப்புறம் சிரித்துவிட்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேடவாக்கத்தில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அக்கா ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவர் கணவர் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை தப்பித்தோம். என் வேலையும் நிரந்தரமானது. அக்காதான் எனக்காகப் பேசினாராம். அன்று அவர் மேல் வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை.

அந்தப் பாசத்துக்கு அவர் செய்த கைம்மாறைக் கேளுங்கள். தாம்பரம் மண்டபத்தில் என் கல்யாண வரவேற்பு. மேடையேறிப் பரிசைக் கொடுத்த கையோடு முழுக் கதையையும் மணப்பெண்ணிடம் சொல்லி முடித்தார். "இவன் ஆச்சுன்னு சொன்னா, நீ ஒரு தடவ போய்ப் பாத்துக்கோம்மா."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கோவிலம்பாக்கம் வீட்டில், மோட்டாரை நிறுத்தியாச்சு என்று நான் சொன்னால் என் மனைவி எழுந்து மாடிக்குப் போவாள். போன வாரம் அவள் போவதற்குள் தொட்டி நிரம்பித் தண்ணீர் படிக்கட்டில் இறங்கிவிட்டது. ஏழு வயது மகள் நனைந்த படியில் நின்றுகொண்டு, மழை வருகிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்: "அம்மா, அப்பா மறுபடியும் பச்சை காட்டிட்டாரு."