பீப் சத்த விசாரணைக் குழு

வந்திருந்தோர்: ஊராட்சித் தலைவர் லியோன்டின் பிர்லேயா (குழுத் தலைவர், பாதிக்கப்பட்டவரும் அவரே). துணைத்தலைவர் ஃபிலிமோன் (ஆமோதிப்பவர்). செயலர் ஸம்ஃபிரா அம்மாள் (குறிப்பெடுப்பவர்). பாதிரியார் இலாரியோன் (ஆன்மிகப் பிரிவு). காவலர் நிஸ்டோர் (சாதாரண உடையில் வந்ததால் வரவில்லை என்று பதிவு). கார் மின்வேலைக்காரன் சாண்டு, அதாவது நான் (நாற்காலி ஒதுக்கப்படவில்லை).

வராதோர்: யாருமில்லை. பள்ளி ஆசிரியை வெடூரியாவுக்கு அழைப்பே அனுப்பவில்லை. ஆகவே வராதோர் பட்டியலில் சேரும் தகுதியும் அவருக்கு இல்லை.

மனித உயிரைக் காக்க உலகம் எத்தனையோ குழுக்களைக் கண்டிருக்கிறது. ஒரு டப்பாவின் நிம்மதியைக் காக்கக் கூடிய முதல் குழு என்ற பெருமை ருமேனியாவின் மெர்லெஷ்டி ஊராட்சிக்கே உரியது. எங்கள் ஊரில் சாக்கடை இல்லை. மருத்துவர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார், அதுவும் மழை பெய்யாவிட்டால். ஆனால் தலைவரின் காரில் ஒரு பீப் சத்தம் என்றதும் மூன்று அமர்வு, பதினொரு பக்கக் குறிப்பு, நான்கு கிலோ கோவ்ரிகி ரொட்டி. நிர்வாகம் என்றால் இதுதான்.

டப்பா என்றால் சாமானிய டப்பா அல்ல. ரேடார் டிடெக்டர். சாலையோரம் ஒளிந்திருக்கும் போலீஸ் ரேடாரின் அலையைத் தூரத்திலேயே மோந்து, 'பீப்' என்று ஓட்டுகிறவரை எச்சரிக்கும். மற்றவர்கள் அதைச் சிகரெட் லைட்டர் துளையில் செருகி, சுருள் வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு திருடர்களைப்போலப் போவார்கள். மக்கள் பிரதிநிதி அப்படிப் போகலாமா? நான்தான் கூரைத் துணிக்குள் வயரை இழுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியோடு நிரந்தரமாக இணைத்துக் கொடுத்தேன். சாவியைத் திருப்பினால் டப்பாவும் விழித்துக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சட்டத்தைப்போல, இருப்பது வெளியே தெரியாது.

கோளாறு இதுதான். பள்ளிக்கூடத்தின் முன்னால் போகும்போதெல்லாம் டப்பா கத்தியது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. அங்கே போலீஸ் இல்லை. காவலர் நிஸ்டோரே அதற்குச் சாட்சி. அந்த நேரத்தில் அவர் தலைவர் வீட்டு அடுப்படியில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஏழு வாரத்தில் தலைவரின் கட்டைவிரலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சுவர் கண்ணில் பட்டதும் அது தானாகவே போய் டப்பாவின் வாயை அடைக்கும் பொத்தானை அழுத்தியது.

இதில் தலைவருக்கு இருந்த கவலை நியாயமானது. வேகத்துக்காக அவர் ஏற்கெனவே இரண்டுமுறை மாட்டியிருந்தார். இன்னும் இரண்டுமுறை மாட்டினால் உரிமம் போய்விடும். உரிமம் போனால் ஓட்டுக் கேட்டவர் நடந்து போகவேண்டிவரும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு முன்னுதாரணம் இல்லை.

முதல் அமர்வு தலைவரின் காரைச் சுற்றி நின்றபடி நடந்தது.

“என்னதான்டா கோளாறு, சாண்டு?”

“டப்பாவுல ஒண்ணுமில்ல தலைவரே. பள்ளிக்கூடத்து முன்னாடி...”

“பள்ளிக்கூடத்த எதுக்கு இழுக்கற? வயரப் பத்திப் பேசு.”

“வயருன்னா வயர்தான்,” என்றார் ஃபிலிமோன்.

மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி நாலு வோல்ட்.

“கம்மியா இருக்கே. பதினாலா ஆக்க முடியாதா?”

“எஞ்சினப் போட்டா தானா ஆகும்.”

“போடு. எழுதிக்குங்க ஸம்ஃபிராம்மா, தலைவர் யோசனைப்படி மின்னழுத்தம் உயர்த்தப்பட்டது.”

ஃபியூஸை மாற்றினேன். எர்த் வயரின் திருகைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரே இடத்தில் மட்டும் கத்துகிற டப்பாவுக்கு நோய் கிடையாது. அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

“பள்ளிக்கூடத்து வாசல்ல வேகப் பலகை ஒண்ணு நிக்குதுல்ல தலைவரே, அதுவும் ரேடார்தான். வர்ற காரோட வேகத்த அளக்க அதுவும் அலை விடுது. டப்பா அத மோந்துட்டுக் கத்துது. அது அதோட வேலைய ஒழுங்காத்தான் செய்யுது.”

பாதிரியார் இன்னொரு கோவ்ரிகியைக் கடித்தார். பிற்பாடு குறிப்பைப் படித்தேன். அந்த இடத்தில் ஸம்ஃபிரா அம்மாள் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மின்வேலைக்காரர் இருமினார்.'

அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. முந்திய வருஷம் ஒரு காரின் பக்கக் கண்ணாடி, ஒண்ணாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பைவாரில் மாட்டி இழுத்துப் போனது. பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பை பாலம்வரை போயிற்று. நான்தான் பொறுக்கி எடுத்து வந்தேன். உள்ளே பாதி கடித்த ஆப்பிள் இருந்தது. வெடூரியா டீச்சர் அதன்பிறகு முப்பத்தொரு மனு எழுதி அந்தப் பலகையை வாங்கினார். ஐம்பதுக்குள் வந்தால் பச்சை முகம் சிரிக்கும். மீறினால் சிவப்பு முகம் உதட்டைத் தொங்கப்போடும். லாரிக்காரர்கள்கூட அதைச் சிரிக்கவைக்க பிரேக் பிடித்தார்கள். ஊரில் ஒரே ஒருவருக்கு மட்டும் அது சிரித்ததே இல்லை.

“தெனமும் என்னப் பாத்து மூஞ்சியத் தொங்கப்போடுது,” என்றார் தலைவர். “நாலு பேரு பாக்கறாங்கப்பா.”

இந்தச் சமயத்தில் பாதிரியார் இலாரியோன் ஆழமான கேள்வி ஒன்றை எழுப்பினார்.

“டப்பாவ மாட்டுனதுக்கு அப்பறம் கார மந்திரிச்சீங்களா?”

“கார் வாங்குனப்பவே மந்திரிச்சோமே சாமி.”

“கார மந்திரிச்சோம். டப்பா பின்னாடி வந்தது. அதுக்கு இன்னும் ஒண்ணுமே பண்ணலியே.”

குழு அதிர்ந்தது. பாதிரியார் அங்கியை மாட்டிக்கொண்டு, திருநீற்றுப்பச்சிலைக் கொத்தைத் தீர்த்தத்தில் முக்கி, காருக்குள் தலையை விட்டு மூன்றுமுறை உதறினார். மனசு கேட்காமல் மிச்சமிருந்ததையும் ஊற்றினார். நான் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தேன்.

டப்பா உடனே வாயை மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்தின் முன்னால் போனார்கள், சத்தமில்லை. திரும்பி வந்தார்கள், சத்தமில்லை. 'பூரண குணம்' என்று குறிப்பில் ஏறியது. இரண்டாம் நாள் பாலத்து வளைவில் மாவட்டப் போலீஸ் உண்மையான ரேடாரோடு நின்றது. குணமான டப்பா மூச்சுவிடவில்லை. எண்பத்திரண்டு. உரிமம் போக இன்னும் ஒரேயொரு தடவைதான் பாக்கி.

இரண்டாம் அமர்வுக்கு முன் நான் என் அக்காவின் முடி உலர்த்தும் கருவியை வாங்கிவந்து, ஃபியூஸ் பெட்டியை அரைமணி நேரம் காயவைத்தேன். டப்பா மறுபடி கத்தியது. 'குணமடைந்த கருவிக்கு மின்வேலைக்காரர் நோயைத் திரும்பத் தொற்றவைத்தார்' என்று என்மேல் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பாதிரியார் மட்டும் பெருந்தன்மையோடு வாக்களிக்கவில்லை.

மூன்றாம் அமர்வில் ஃபிலிமோன் எழுந்தார். ஆமோதிப்பதைத் தவிர அவர் வேறு எதற்கும் எழுந்து நாங்கள் பார்த்ததில்லை.

“டப்பா சரியா இருக்கு. காரும் சரியா இருக்கு. தலைவரும் சரியா இருக்காரு. அப்போ தப்பு எங்க இருக்கணும்? வெளிய. அந்தப் பலகைலதான்.”

கைதட்டல் எழுந்தது. மூன்று வாரத்துக்கு முன் நான் இருமியதும் இதைத்தான்.

“பலகைக்கு ஓய்வு கொடுத்துருவோம்,” என்றார் தலைவர்.

“டீச்சர் கேட்டா?” என்றார், குறிப்பின்படி வராத காவலர் நிஸ்டோர்.

“பராமரிப்புன்னு சொல்லு.”

“எத்தன நாளைக்கு?”

“டப்பா இருக்கற வரைக்கும்.”

“தலைவரே, மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டா பசங்க...” என்று நான் ஆரம்பித்தேன்.

“சாண்டு, உன் பட்டறை யாரு நெலத்துல நிக்குது?”

“ஊராட்சி நெலத்துல.”

“நெனப்பிருந்தா சரி.”

நினைப்பு இருந்தது. புதன்கிழமை காலை கம்பத்தின் அடியில் இருந்த பெட்டியைத் திறந்து வயரை வெட்டினேன். சுத்தமான வெட்டு, நுனிக்கு டேப்பும் சுற்றினேன். நிஸ்டோர் பெட்டிக்கு முத்திரை ஒட்டினார். இனி அதைத் திறக்க முழுக் குழுவின் கையெழுத்து வேண்டும். வெடூரியா டீச்சர் பள்ளி வாசலில் வந்து நின்றார்.

“என்ன பண்ற சாண்டு?”

“பராமரிப்பு, டீச்சர்.”

“எதப் பராமரிக்கற?”

நான் கருவிகளை எடுத்துப் பையில் போட்டேன். அவர் உள்ளே போய் மாவட்டத் தலைநகருக்குத் தொலைபேசினார். அது குழுவின் குறிப்பில் இல்லை. குழுவுக்குத் தெரியாதது எதுவும் எங்கள் ஊரில் நடப்பதில்லை.

வியாழக்கிழமை நண்பகல் இறுதிச் சோதனை. தலைவர் ஓட்டினார். நான் பக்கத்தில் மல்ட்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கு எதிர்ப்புறம் ஊராட்சி அலுவலகப் படிக்கட்டில் மற்றவர்கள் ஆளுக்கொரு குவளை பிளம் சாராயத்தோடு வரிசையாக நின்றார்கள். பாதிரியார் குவளையை உயர்த்தி வாழ்த்தினார்.

“இப்பப் பாரு,” என்றார் தலைவர். வேக முள் எண்பதைத் தாண்டி, நூறைத் தாண்டியது. பள்ளிக்கூடச் சுவர் வந்தது.

டப்பா கத்தியது. இத்தனை வாரத்தில் அப்படிக் கத்தியதில்லை.

“மறுபடியும் அதே கோளாறுடா.”

“தலைவரே, பலகை செத்துக் கெடக்கு. இது நெசம், காலெடுங்க...”

கட்டைவிரல் அதற்குள் தன் கடமையை முடித்துவிட்டது. டப்பா முதல்முறையாகப் போலீஸைப் பார்த்துக் கத்தியது. நாங்கள் அதன் வாயை அடைத்தோம்.

சாலையோர லிண்டன் மரத்தின் பின்னாலிருந்து மாவட்டப் போலீஸின் இளம் பெண் ஒருத்தி வந்து கையைக் காட்டினாள்.

“நூத்தியேழு, சார். பள்ளிக்கூடத்து வாசல்ல.”

“நான் இந்த ஊர்த் தலைவர்மா.”

“அப்போ இங்க வேகப் பலகை இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“அது பராமரிப்புல இருக்கு.”

“தெரியும் சார். அதனாலதான் என்னய அனுப்புனாங்க.”

உரிமம் தலைவரின் பணப்பையைவிட்டு வெளியே வருவதற்குள் எதிர்ப் படிக்கட்டு காலியாகியிருந்தது. ஒரு குவளை மட்டும் உருண்டு கிடந்தது. அந்தப் பெண் எழுதவேண்டியதை எழுதி முடித்து, காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“நீ ஓட்டு,” என்றார் தலைவர் என்னிடம்.

“எனக்கு உரிமம் இல்ல தலைவரே. பாலிடெக்னிக், ஓட்டுநர் பள்ளி, ரெண்டயும் பாதியில விட்டவன்.”

ஆகவே மெர்லெஷ்டி வரலாற்றில் முதன்முறையாக ஊராட்சித் தலைவர் நடந்தே சாலையைக் கடக்க முற்பட்டார். வெள்ளைக் கோட்டில் ஒரு காலை வைத்தார். மரம் ஏற்றிய லாரி ஒன்று காற்றோடு அவர் தொப்பியையும் கொண்டுபோயிற்று. காலை எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். பலகை இருண்டு நின்றது. பார்த்துச் சிரிக்க ஒரு முகம் இல்லாததால் யாரும் பிரேக் பிடிக்கவில்லை. தலைவர் எதிரே அலுவலக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தார்.

“ஃபிலிமோன், வந்து என்னய இந்தப் பக்கத்துலேர்ந்து கூட்டிட்டுப் போ.”

“கூட்டத்துல இருக்கேன் தலைவரே.”

“என்ன கூட்டம்?”

“இனிமே காரு யாருகிட்ட இருக்கறதுங்கற கூட்டம்.”

ஜன்னல் திரை இழுபட்டது.

பின்னால் பள்ளியின் இரும்புக் கதவு திறந்தது. வெடூரியா டீச்சர் கையில் வண்டிகளை நிறுத்தும் சிவப்புத் தட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையாகக் காத்திருந்தார்கள். பலகை இருண்ட நாளிலிருந்து, வீட்டிலிருந்து ஆள் வராமல் ஒரு பிள்ளையையும் அவர் வெளியே விடவில்லை.

“டீச்சரம்மா, அந்தத் தட்டிய ஒரு நிமிஷம் புடிச்சு என்னயக் கடத்தி விட்ருங்களேன்.”

“கூட்டிட்டுப் போக யாராவது வருவாங்களா?”

“யாருக்கு, எனக்கா?”

“பெரியவங்க வராம யாரயும் ரோட்டுக்கு விடறதில்ல. உள்ள வாங்க. ஒண்ணாங்கிளாஸ் வரிசைல, கடைசி.”

தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. உள்ளே போனார். ஒரு சின்னப் பெண் தன் புதுப் பையை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.

நானும் உள்ளே போகப் பார்த்தேன். டீச்சர் தட்டியை என் மார்புக்குக் குறுக்கே வைத்தார்.

“நீ எங்க வர்ற?”

“நான் குழுவுல இல்ல டீச்சர். எனக்கு நாற்காலிகூடப் போடல. பலகைலதான் விஷயம்னு மொத நாளே சொன்னேன். இருமுனேன்னு எழுதிட்டாங்க.”

“அப்பறம் திரும்பச் சொன்னியா?”

சொல்லவில்லை. மெர்லெஷ்டியில் கோளாறு எதுவென்று முதல் நாளே அறிந்திருந்த ஒரே நிபுணன் நான். அதன் வயரைச் சுத்தமாக வெட்டி, நுனிக்கு டேப் சுற்றிய நிபுணனும் நானே.

டீச்சர் சிவப்புத் தட்டியை என் கையில் திணித்து, என்னைத் திருப்பிச் சாலையைப் பார்த்து நிறுத்தினார்.

“பலகைய அணைச்சவன் பலகையா நில்லு. வேகமா வர்றவனப் பாத்து மூஞ்சியத் தொங்கப்போடு. உனக்குச் சிரமம் இருக்காது.”

என் முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது. பூட்டு இரண்டு சுற்றுச் சுற்றியது.