முடி வெட்டாத சந்தாக்காரர்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனையோ விசித்திரப் பிறவிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மாதா மாதம் சலூனுக்குச் சந்தா கட்டிவிட்டு, ஒரு முடியைக்கூட வெட்டவிடாமல் எழுந்து வந்த மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் என் அலுவலகத்தில், எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பதை இன்றைக்கும் பெருமையோடு சொல்லிக்கொள்வேன்!

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முந்திய காலம் அது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் சந்தாக்காரர். எதற்குச் சந்தா உண்டோ அதில் அவர் சேர்ந்திருப்பார். சேர்ந்தால் இலேசில் விடமாட்டார். வாசிகசாலையில் சேர்ந்த மாதம், கதவு திறக்கும் ஆளுக்கு முன்னதாக வாசலில் நின்று, மாட்டு வைத்தியப் புத்தகம் வரைக்கும் படித்து முடித்தார். ஒருமுறை ஊருக்குச் சர்க்கஸ் வந்தது. எல்லாக் காட்சிக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்றார்கள். மனிதர் ஒரு காட்சி தவறவிடவில்லை. கடைசி நாள் யானை அவருக்கு மட்டும் தனியாக ஒரு சலாம் வைத்தது. சத்தியமாக என் கண்ணால் பார்த்தேன்.

இப்படிப்பட்டவரின் கண்ணில்தான் காக்காவின் பலகை பட்டது. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்; இவர் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே சலூன் வைத்திருந்தவர். காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் வருவார். கடையில் ஒரு கதிரை, ஒரு கண்ணாடி, ஊர் முழுவதற்கும் போதுமான பேச்சு. கொழும்புக்குப் போய் வந்தவர் அங்கே எதைக் கண்டாரோ, வாசலில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார்: ‘மாதம் ஒரு ரூபா. விரும்பியபோதெல்லாம் முடி வெட்டலாம், சவரம் செய்யலாம்.’ ரூபாயைக் கட்டினால் பெயர் எழுதிய அட்டை ஒன்று, அதாவது காட், கையில் கிடைக்கும்.

இது இலாபமா நட்டமா என்று அலுவலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பெரிய கிளாக்கர் மேசையில் தட்டிப் பேசினார்.

“என்ன கதை இது? செவ்வாய் வெட்டப்படாது, வெள்ளி வெட்டப்படாது. அமாவாசை, விரதம், பொறந்த நட்சத்திரம் எல்லாம் போக, மறுகா என்ன மிஞ்சும்? முடி என்ன வயல் வட்டைக்குள்ள மொளைக்கிற புல்லா, வெட்ட வெட்ட வாறதுக்கு?”

சந்தாக்காரர் பஞ்சாங்கத்தை விரித்தார். பென்சிலால் கோடு கோடாகப் போட்டார். “பதினொரு நாள் இரிக்கு,” என்று எழுந்தவர், நேரே தெருவைக் கடந்து முதல் காட்டை வாங்கிவிட்டார்.

பதினொரு நாளும் போனார்! நாலாம் முறையிலேயே தலை உரித்த தேங்காய் போலாகிவிட்டது. எங்கள் பியோன், “ஐயா, காய்ச்சல் கண்டு எழும்பினீங்களோ?” என்று கரிசனையாக விசாரித்தான். எட்டாம் முறை நானும் கூடப் போயிருந்தேன்.

“காக்கா, கத்திரிச் சத்தம் மட்டும் கேக்குது. முடி விழல்லியே?” என்றார் சந்தாக்காரர்.

“இரிந்தாத்தானே ஐயா விழும்! இனி வெட்டினா மண்டையிலதான் படும்!”

“படாமப் பாத்து வெட்டுங்க. காட்டுல நாள் இரிக்கு.”

அதன் பிறகு சந்தாக்காரர் தெருவில் இறங்குவதைக் கண்டாலே காக்கா பின்கதவால் தேத்தண்ணிக் கடைக்கு நழுவிவிடுவார்.

இரண்டாம் மாதக் காட்டை வாங்கிய அன்றே அவர் வீட்டில் விசேஷம் தெரியவந்தது. மனைவி பிள்ளைத்தாய்ச்சி. கல்யாணமாகி ஒன்பது வருடம். முன்பு இரண்டு முறை பிள்ளை தரித்து, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் இல்லாமல் போயிருந்தது. எங்களுக்கு இது தெரியும். யாரும் வாய் திறக்கமாட்டோம். மனைவி பிள்ளைத்தாய்ச்சியானால், பிள்ளை பிறந்த தீட்டான துடக்குக் கழியும் வரை கணவன் முடி வெட்டுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேலும் எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். அந்த வீட்டில் மாமியார் சொன்னால் சொன்னதுதான்.

“மருமகன், புள்ள கெடச்சுத் துடக்குக் கழியிற வரைக்கும் தலையிலயும் முகத்திலயும் கத்தி படப்படாது. சொல்லிப்போட்டன்.”

சந்தாக்காரருக்கு முதல் முறையாக ஒரு சந்தா வீணாகப் போகிறது என்று நாங்கள் குதூகலித்தோம். எங்கே! மறுநாளே மனிதர் காக்காவின் கதிரையில் ஏறிச் சம்மணம் கட்டாத குறையாக இருக்கிறார்.

“வெட்டவா ஐயா?”

“வெட்டப்படாது.”

“அப்ப சவரம்?”

“அதுவும் ஏலா. துணியக் கட்டுங்க.”

காக்கா விழி பிதுங்கத் துணியைக் கழுத்தில் கட்டினார். சந்தாக்காரர் பத்து நிமிடம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடரியில் பவுடர் போடச் சொன்னார். எழுந்தார். “நாளண்டைக்கு வாறன்,” என்று போய்விட்டார்.

மூன்றாம் மாதமும் காட் வாங்கினார். நான்காம் மாதமும் வாங்கினார்! மாதம் ஏற ஏற முடி பிடரியை மூடியது, தாடி நெஞ்சுக்கு இறங்கப் பார்த்தது. தோணியால் இறங்கிய பெண்கள் இவரைக் கதிர்காமத்துக்குப் போகும் சாமி என்று நினைத்துத் திருநீறு கேட்டார்கள். இவரும் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பூசிவிட்டார்.

“ஐயா, இந்தக் கோலத்துல நீங்க கதிரையில இரிந்தா, ஆரு என்ன நம்பி உள்ளுக்கு வருவான்?” என்று காக்கா கெஞ்சினார். “காசத் திருப்பித் தாறன், எடுத்துக்கிட்டுப் போங்க!”

“காசு வேணாம். வாற மாசத்துக் காட்டையும் எழுதுங்க.”

எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான். “அண்ணன், வெட்டாத தலைக்கு எதுக்குக் காட்? புள்ள கெடச்ச பொறகு வாங்கினாப் போதாதா?” என்று கேட்டேன். “உனக்கு வெளங்காது தம்பி,” என்றார், அவ்வளவுதான்.

மனைவிக்கு எட்டாம் மாதம் நடக்கையில் வந்தது வினை. வெள்ளைக்காரத் துரை பரிசோதனைக்கு வருகிறாராம். தாடியும் சடையுமாக ஒருவன் மேசையில் இருந்தால் வேலை போவது நிச்சயம், சவரம் செய்யாமல் வரவேண்டாம் என்று பெரிய கிளாக்கர் முடிவாகச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கப்போகும் நேரத்தில் வேலை போனால் என்ன கதி! மறுநாள் காலை சந்தாக்காரர் கதிரையில் இருந்தார். நாங்கள் நாலைந்து பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம்.

“வழியுங்க காக்கா,” என்றார்.

காக்கா கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். அப்படியே நின்றவர், கத்தியைப் படக்கென்று மடித்தார்.

“எனக்கு ஏலா ஐயா. இவ்வளவு நாளும் காத்துப்போட்டு இண்டைக்கி என்ட கத்தியாலயா? கொஞ்சம் கிறுகுங்க, இஞ்சால பாருங்க.”

முகத்தைத் தன் பக்கம் திருப்பி, பெரிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, தாடையின் கீழே கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டார். சடையும் தாடியும் உள்ளே போயின. மூக்கும் கண்ணும்தான் வெளியே.

“கூகைக்கட்டு எண்டு சொல்லுங்க. இன்ஷா அல்லாஹ், துரை கிட்டவும் வரமாட்டாரு.”

கன்னம் வீங்குகிற அந்தத் தொற்று வருத்தத்தின் பெயரைப் பெரிய கிளாக்கர் இங்கிலீசில் சொன்னதுதான் தாமதம், துரை பத்தடி பின்னால் பாய்ந்தார்! கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சந்தாக்காரருக்கு மூன்று வாரம் லீவு என்று வாசலில் நின்றே உத்தரவு போட்டுவிட்டு, எங்களையும் சந்தேகமாகப் பார்த்தபடி படியிறங்கினார். அவ்வளவு விரைவாக முடிந்த பரிசோதனையை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் சந்தாக்காரர் தெருவைத் தாண்டி ஓடியே வந்தார். காக்கா கத்திரியை எடுத்தார். கொத்துக் கொத்தாக முடி விழுந்து நிலம் தெரியாமல் மூடியது. உள்ளேயிருந்து, நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு முகம் சிரித்துக்கொண்டு வெளியே வந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். “ஒம்பது காட் வீணாப் போச்சே அண்ணன், இது உங்களுக்கு இலாபமா?” என்று வாயைக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

“முந்தி ரெண்டு தரமும் இப்பிடித்தான் முடிய விட்டன் தம்பி. ரெண்டு தரமும் மூண்டாம் மாசத்தில, எல்லாம் முடிஞ்ச பொறகு, போய் வெட்டிப்போட்டு வந்தன். அந்தக் கத்திரிச் சத்தம் இன்னும் காதுக்குள்ள இரிக்கு. இந்த முறை, கதிரையில இரிந்து ஒவ்வொரு தரமும் வெட்டாம எழும்பி வரக்குள்ள, இண்டைக்கும் புள்ள இரிக்கு எண்டு நினைச்சிக்கிட்டு வீட்ட போவன். அதுக்கு மாசம் ஒரு ரூபா கூடவா?”

காக்கா கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ வெட்கமாக இருந்தது. அவர் கழுத்துத் துணியை நானே அவிழ்த்து, வாசலில் கொண்டுபோய் உதறினேன்.

அந்த மகளுக்கு இப்போது இடுப்பைத் தாண்டிய கூந்தல். நுனி வெட்டக்கூட ஒரு கத்திரியைக் கிட்ட விடுவதில்லையாம் மனிதர். நன்றாக இருக்கட்டும் அவர், நூறு வயது வரைக்கும்.