கடலில்லாத ஊரில் நங்கூரம்

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வாசலில் வரிசை நிற்பதைப் பார்த்திருக்கிறோம். பச்சை குத்திக்கொள்ள வரிசை நின்றதை, முத்திரைச் சித்தர் வந்த பிறகுதான் பார்த்தோம். பேகம்பூர் போகிற வழியில் மூடிக் கிடந்த ஒரு செருப்புக் கடையைத் திறந்து சந்தனம் தெளித்தார்கள். அது 'பூர்வ ஜென்ம முத்திரைப் பீடம்' ஆகிவிட்டது. செருப்பு விற்ற காலத்தில்கூட அந்த வாசலில் அத்தனை செருப்பு கிடந்ததில்லை.

மற்ற டாட்டூ கடைகளில் படத்தை நாம் தேட வேண்டும். இங்கே படம் நம்மைத் தேடி வரும். கண்ணை மூடிக் கையை நீட்டினால் போதும். சிஷ்யன் வீரன் தீர்த்தத்தால் துடைத்து, கிண்ணத்தில் தோய்த்த ஒரு குச்சியால் 'நாடி ஓட்டம்' பார்ப்பான். பிறகு சித்தர் கரிச்சாம்பலை அள்ளித் தேய்த்து ஊதுவார். கையில் கறுப்பாக ஓர் உருவம் எழும்! போன பிறவியில் குத்தியிருந்த பச்சையாம். அதை ஊசியால் நிலைநிறுத்தினால் யோகம், விட்டால் கண்டம். ஒவ்வொன்றுக்கும் சரித்திரம் வேறு உண்டு. பட்டாம்பூச்சி வந்தால் அரண்மனைத் தோழி, இறகு வந்தால் முனிவர், சிங்கம் வந்தால் சேனாதிபதி. போன பிறவியில் ஒருவர்கூட மூட்டை தூக்கவில்லை, மாடு மேய்க்கவில்லை. அந்தச் சேனாதிபதிகளுக்கெல்லாம் யார் உழுது சோறு போட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

"எங்க மார்க்கத்துல பச்சையும் கூடாது, மறுபிறவியும் கெடையாது. அதனால நான் தப்பிச்சேன்" என்றார் எதிர் டீக்கடை நூர் முகமது. வரிசையின் புண்ணியத்தில் அவருக்கு டீ மட்டும் நன்றாக ஓடியது.

ஆனந்தமேரிக்கும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. இட்லி மாவு அரைத்து விற்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். மகன் ரொனால்டுக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும். போன வருஷம் ஓட்டத்தில் கோட்டைவிட்டான். இந்த வருஷம் ஓட்டம், பரீட்சை எல்லாவற்றிலும் தேறிவிட்டான். அடுத்த வாரம் மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் யார் கண்ணாவது பட்டுவிடுமோ என்று தாய்க்குப் பயம். பயந்த தாய் கிடைத்தால் சித்தருக்கு வேறென்ன வேண்டும்?

நேற்று ரொனால்டின் வலது முன்கையில், வெளிப்பக்கம் பார்த்துச் சிங்கம் எழுந்தது.

"சல்யூட் அடிக்கிறப்ப சிங்கம் முன்னாடி நிக்கணும் தாயி" என்றார் சித்தர்.

"அம்மா, அந்த எடத்துல பச்சை இருந்தா மெடிக்கல்லயே கழிச்சு விட்ருவாங்கம்மா" என்றான் ரொனால்டு.

"இது பச்சை இல்லப்பா, முத்திரை. டாக்டர் கண்ணுக்குத் தெரியாது" என்றார் சித்தர்.

ஊருக்கெல்லாம் தெரிகிற சிங்கம் டாக்டருக்கு மட்டும் தெரியாதாம்! கேட்பவன் கேணையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும். ஆனந்தமேரி நம்பினாள். நீ குத்திக்கொள்ளும்வரை என் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது என்று சத்தியம் செய்தாள். அம்மாவின் பட்டினிக்குப் பயந்து இன்று நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டான் ரொனால்டு. அவனுக்கு முன்னால் ஒரே ஒரு கைதான் பாக்கி. ஊசி குத்துகிற இன்னொரு சிஷ்யன் கையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சாம்பல் வரிசையில் நின்ற மகள் ஷைனியை ஆனந்தமேரி பார்த்தாள். துணிக்கடைக்கு வேலைக்குப் போனவள் இங்கே எதற்கு வந்தாள்? ஷைனி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

அவள் வலது கையைத் துடைத்துக்கொண்டே வீரன் பேச்சுக் கொடுத்தான். "என்னக்கா கொறை?"

"எங்க வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனாருண்ணே. போன் வந்தே ரொம்ப நாளாச்சு."

ஆனந்தமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த வீட்டுக்காரர்? மாப்பிள்ளையே இன்னும் பார்க்கவில்லையே!

சித்தர் சாம்பலைத் தேய்த்தார், ஊதினார். நங்கூரம்!

"தாயி, போன பிறவியில நீ முத்து வணிகன் பொண்டாட்டி. இது குமரிக்கண்டத்து முத்திரை. உம் புருஷன் நடுக்கடல்ல கண்டத்துல இருக்கான். இன்னைக்கே குத்தணும்."

"நங்கூரம், கப்பல்காரங்க கடல் தாண்டுன பெருமைக்குக் குத்திக்கிட்டது சாமி. அது கெடக்கட்டும். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!"

கூட்டம் சிரித்தது. சித்தர் அசரவில்லை. "நான் சொன்னது வரப்போற புருஷனை!" கூட்டம் சிரிப்பை விழுங்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நம் ஜனங்களை மறுபடி கவிழ்க்க அரை வாக்கியம் போதும்.

ஷைனி இடது கையை நீட்டினாள். "அப்ப இதுலயும் தேய்ங்க. இந்தக் கைக்குப் போன ஜென்மம் இல்லையா?"

வீரன் குச்சியோடு பாய்ந்து வந்தான். "இருங்கக்கா, நாடி பாக்கணும்."

"குச்சி வேணாம்ணே. ஜென்மம் என் கையில இருக்கா, உங்க குச்சியில இருக்கா?"

"தேய்ங்க சாமி, பாப்போம்" என்றது கூட்டம். சித்தர் தேய்த்தார். சாம்பல்தான் உதிர்ந்தது. மறுபடி தேய்த்தார். தோல்தான் சிவந்தது.

ஷைனி வீரனின் கிண்ணத்தையும் குச்சியையும் பிடுங்கினாள். எல்லோரும் பார்க்கக் குச்சியைத் தோய்த்து இடது கையில் கோடு கோடாக இழுத்தாள். காயவிட்டுச் சாம்பலைத் தேய்த்து ஊதினாள். நீளக் காது இரண்டோடு ஒரு கழுதை எழுந்தது.

"எருக்கம்பால். காஞ்சா கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் மட்டும் ஒட்டும். நேத்துலேர்ந்து தம்பி கை அரிக்குதுன்னான். அப்பவே சந்தேகப்பட்டேன்."

மெஷின் ரொனால்டின் கையை நெருங்கியிருந்தது. "எம் பிள்ளை கையை விடுய்யா!" என்று ஆனந்தமேரி பாய்ந்து அவனை இழுத்தாள். "விடியுமுன்ன எந்திரிச்சு நீ ஓடுன ஓட்டத்தை நம்பாம, இவன் சாம்பலை நம்பிட்டேனே ராசா!"

சித்தர் பின்வாசலைத் தேடினார். செருப்புக் கடைக்கு ஏது பின்வாசல்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கட்டுப்போட்ட கையோடு ஒருவர் வந்தார். "தங்கச்சி, நேத்து எனக்குப் புலி குத்துனாங்களே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"குத்துறப்ப வலிச்சுச்சா?"

"உசுரு போச்சு."

"அதான் அர்த்தம். கையில சாம்பலைத் தேய்க்க இம்புட்டுப் பேரு வரிசையில நின்னீங்களே, மூளையைச் செத்த நேரம் தேய்ச்சுப் பாத்தீங்களா? அதுக்கு வரிசையும் இல்ல, ஊசியும் இல்ல."