ஏரோப்ளேன் டிரைவரின் மனைவி

அரியலூர்,
12.8.1984

அன்புள்ள தம்பி சாமிதுரைக்கு அக்கா கமலவேணி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, உன் மகளைக் காக்கையிடமிருந்து பிரித்துத் தூக்கி வந்தேன். பறப்பதெல்லாம் அப்பா என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தன் பிஸ்கட்டை அதனிடம் நீட்டி, "அப்பா, ஆ" என்றாள். அப்பா வளைகுடாவில் விமானம் ஓட்டுகிறார், இவர் வேறு என்று ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

மலர்க்கொடியின் விசா மனு மூன்றாம் முறையும் திரும்பி வந்துவிட்டது. காரணம் அதேதான், அங்கே டிரைவர்கள் மனைவியை அழைத்துக்கொள்ளக் கூடாதாம், உன் கம்பெனி உன்னை என்னவென்று சொன்னாலும் விசா ஆபீஸ் உங்கள் திருமணச் சான்றிதழைத்தான் பார்க்குமாம், அதில் டிரைவர் என்று இருக்கும் உன் தொழிலை மாற்றத்தான் நானும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு நடையாய் நடக்கிறேன், "பைலட்னு போடுங்க சார்" என்றால் சான்றிதழ் எழுதும் கிளார்க் இராமலிங்கம், "பைலட்னா மந்திரி காருக்கு முன்னாடி போற ஜீப்புங்க டீச்சர், ஆளைப் போயி ஜீப்புன்னு எப்படிங்க எழுதுறது?" என்கிறார், சரி, விமானி என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன், அதை அவரே ஆங்கிலமாக்கி, நமக்கு மரியாதை செய்வதாக நினைத்து, 'ஏரோப்ளேன் டிரைவர், ஹெவி' என்று டைப் அடித்து முத்திரையும் குத்திவிட்டார்.

உன் பக்கத்து இருக்கைக்காரர், ஏதோ குளிர்தேசத்தவர், அவர் மனைவிக்குப் பதினைந்தே நாளில் விசா வந்தது, அவர்கள் நாய்க்கும் வந்தது என்று எழுதியிருந்தாய். அதை நான் உரக்கப் படித்திருக்கக் கூடாது. மலர்க்கொடி அரிசி களைந்துகொண்டே, "அப்ப என்னை நாயின்னு எழுதி வாங்கிட்டு வாங்க அண்ணி, நான் போயிட்டு வரேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று சோறு குழைந்துவிட்டது.

இது நியாயமா என்று கேட்டிருந்தாய். போன வருஷம் சிமெண்ட் ஆலை வாசலில் 'வேலை உள்ளூர்க்காரனுக்கே' என்று கையெழுத்து வாங்கினார்கள். முதல் பக்கத்திலேயே நானும் போட்டேன். ஆனால் உள்ளூர்க்காரனுக்கு ஒரு சட்டம் என்றால் புரிகிறது. ஒரே விமானத்தை ஓட்டும் இரண்டு வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு சட்டம் என்றால், யோசித்துப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

வேலையை விட்டு வந்துவிடவா என்றும் கேட்டிருக்கிறாய். நீயாக விட்டால் மறுபடி அந்த நாட்டில் பறக்க விடமாட்டார்கள். இங்கேயும் இடம் காலியில்லை. அம்மா, "பொறுத்துக்கச் சொல்லு. இப்பத்தான் நம்ம வூட்டை ஏரோப்ளேன்காரர் வூடுங்கிறாங்க" என்கிறாள். ஆகையால் பொறுத்துக்கொள். நாளை மறுபடியும் இராமலிங்கத்தைப் பார்க்கப் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கல்லங்குறிச்சிப் பெருமாள் நீ ஏறும் உயரத்துக்கும் துணை வரட்டும்.

அக்கா கமலவேணி

பின்குறிப்பு: அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டதால் மேலே அப்படி எழுதினேன். இப்போது கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பறப்பதெல்லாம் அப்பா என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நாளை நான் இராமலிங்கத்தைப் பார்க்கப் போகப்போவதில்லை. நீ வந்துவிடு. உன்னை வரச் சொன்னதை இங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.