அண்ணன் சேர்த்துவரும் பக்கங்கள்

பீளமேடு,
18-8-1999

அன்புள்ள மாப்பிள்ளை யஷ்வந்த் அவர்களுக்கு, மாமனார் சுந்தரராஜுலு எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியார் லட்சுமியம்மாளும் சௌக்கியம். நீங்களும் பூஜிதாவும் சௌக்கியமென நம்புகிறேன். இறந்துபோன என் அண்ணன்தான் சௌக்கியமாக இருப்பதாகத் தெரியவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டர், மாடியில் அண்ணன் சென்னகேசவனின் கம்ப்யூட்டர், அமெரிக்காவில் உங்களுடையது, மூன்றிலும் ஒரே புக்மார்க் பட்டியல் தெரியும்படி செய்து கொடுத்தீர்கள். ஒன்றில் ஓர் இன்டர்நெட் பக்கத்தைக் குறித்துவைத்தால் மற்ற இரண்டிலும் வந்துவிடும். சித்திரையில் அண்ணன் காலமானார். கண்களைத் தானம் கொடுத்தோம், அறையைப் பூட்டினோம். கடைசியாக அவர் சொன்னது, "சுந்தரம், இந்த ஊட்டை மட்டும் உட்றாதடா."

ஆடி பிறந்ததும் நான் குறிக்காத பக்கங்கள் பட்டியலில் வரத் தொடங்கின. முதலில் 'கோவையில் முதியோர் இல்லங்கள்'. மறுநாள் 'பீளமேட்டில் பழைய வீடுகளின் விலை'. அதற்கடுத்த காலை, 'அறுபத்தெட்டு வயது ஆண் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார்'. என் வயது அண்ணனுக்குத் தெரியாதா? மாடியேறி அறையைத் திறந்தேன். கம்ப்யூட்டர்மேல் போட்ட துண்டு போட்டபடியே, தூசியோடு இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறங்கினேன். மறுநாள் வந்தது, 'மாடிப்படியில் விழும் முதியோர்'.

கம்ப்யூட்டர் மெக்கானிக் பிரான்சிஸை அழைத்தேன். "ஏனுங்க, கரண்டே இல்லாத பொட்டி எப்படிங்க குறிச்சு வெக்கும்? மூணாவது எங்கீங்க இருக்குது?" என்றார். "அது எங்கள் மாப்பிள்ளையிடம் பத்திரமாக இருக்கிறது" என்றேன். உடனே காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அண்ணனிடம் அவருக்கும் பயம் போலும்.

வெள்ளிக்கிழமை ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனோம். கெடுதல் செய்தவரை அம்மன் தண்டிக்க வேண்டி, லட்சுமியம்மாள் மிளகாய் அரைத்து நீதிக் கல்லில் பூசினாள். "செத்தவரோ இருக்கறவரோ, யாரு இதையெல்லாம் குறிச்சு வெக்கறாங்களோ, அவிய கண்ணு எரியட்டும் ஆத்தா!" பெரியவரை இப்படியா என்று அதட்டினேன். "எரிஞ்சா தெரிஞ்சு போகுமுங்க" என்றாள்.

வரி கட்ட வசதியாக இருக்குமென்று நீங்கள் அனுப்பிய, வீட்டை விற்கவும் அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் திங்கட்கிழமை கையெழுத்திடுகிறேன். வீடு உங்கள் பொறுப்பில் வந்துவிட்டால் அண்ணனின் தொல்லைக்கு அதுவே முடிவு. தீர்க்காயுளுடன் இருவரும் நலமாக இருங்கள்.

இப்படிக்கு,
சுந்தரராஜுலு

பி.கு.: உறையை ஒட்டுமுன் பட்டியலைப் பார்த்தேன். புதிதாக ஒன்று: 'காரணம் தெரியாத கண் எரிச்சல்'. அண்ணனுக்குத்தான் கண்களே இல்லையே. பூஜிதாவுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து உங்களுக்குக் கண் எரிச்சலாம், இப்போது கண்ணைத் திறக்கவே முடியவில்லையாம், மூன்று டாக்டர்களுக்கும் புரியவில்லையாம். அம்மனுக்கு எண்ணெய்க் காப்பு சாத்தினால் தணியும் என்கிறார்கள். லட்சுமியம்மாளைக் கேட்டேன். "இப்ப என்னங்க அவசரம்" என்கிறாள். கையெழுத்திடாத பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் பூஜிதாவை உரக்கப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.