தறிக்குழியில் அகப்பட்ட ஆத்தா

சாவதற்குள் ஒரே ஒரு தடவையாவது தன் பெயர் பத்திரிகையில் அச்சாகிவிட வேண்டும் என்று எடப்பாடித் தறிக்காரர் தீர்த்தகிரி முடிவு கட்டியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு.

பள்ளிக்கூடம் போகாதவர். நூல் சிப்பத்தைச் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாளை நீவி நீவிப் படித்தே எழுத்துக் கற்றவர். சிந்து நதிக்கரையில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஊரே எழுந்து வந்த சேதியையும் அப்படித்தான், ஆறு மாதம் தாமதமாக, அறிந்தார். தெரு, கிணறு, சாக்கடை! அன்றிலிருந்து மனிதருக்குத் தறியில் கால் நிற்கவில்லை.

"அவிங்கெல்லாம் செத்தும் இருக்கறாங்க. நாம என்னத்த உட்டுட்டுப் போறம், உண்ணாமலை?"

"அரையுங் கொறையுமாத் தறியில ஒரு சேல கெடக்குதுங்களே, அத உட்டுட்டுப் போங்க," என்றாள் மனைவி.

அவளுக்கு வேண்டியது இன்னொரு தறி. அதில் அவளே உட்கார்ந்து நெய்வாள். ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால் தறி ஓட வேண்டும். நச்சரிப்புத் தாங்காமல் ஆவணியில் ஒருநாள் உள் அறையில், நெய்பவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழியை வெட்ட இறங்கினார் தீர்த்தகிரி. இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை 'டொக்' என்றது.

மண்ணைக் கையால் விலக்கினார். ஆள் உட்காரும் அகலத்தில் ஒரு தாழி. மூடியை நகர்த்தினால் எலும்பு, கறுப்பும் சிவப்புமாய்ச் சின்னக் கிண்ணங்கள், பாசிமணி.

அன்றைக்கே பட்டணத்து மியூசியத்துக்குக் கார்டு பறந்தது. 'அடியேன் வீட்டில் பழங்காலத்து மகாராஜா ஒருவர் அகப்பட்டிருக்கிறார். தாங்கள் வரும் வரை அன்னாரை யாரும் தொட விடமாட்டேன். இப்படிக்கு, கண்டுபிடித்த தீர்த்தகிரி.'

உண்ணாமலை விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, மகாராஜா சங்கு வளையலாங்க போட்டுட்டு இருப்பாரு?"

"அப்ப மகாராணி."

சேதி பரவித் தெருவே திரண்டது. பங்காளி கருப்பண்ணன் வாசற்படி தாண்டாமல் நின்று கத்தினான்.

"அண்ணா, பேயக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள குடி வெக்கறதா? தெருவுக்கே ஆகாது. இப்பவே எடுத்து வீசோணும்!"

நாலு பேர் மண்வெட்டியோடு முன்னால் வந்தார்கள். தீர்த்தகிரிக்குத் தன் பெயர் அச்சிலிருந்து எழுத்து எழுத்தாக உதிர்வது தெரிந்தது. குறுக்கே பாய்ந்தார்.

"பேயாடா இது? நம்ம வம்சத்து ஆத்தாடா! என்னப் பெத்தவளப் பெத்தவ மாதிரி. சொந்தப் புள்ளைங்கள அவ என்னடா பண்ணிப்போடுவா?"

மண்வெட்டிகள் தாழ்ந்தன. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. உண்ணாமலை புருஷனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

"என்ன புள்ள பண்ற?"

"எளவு உழுந்த ஊடுங்க. ஆத்தா உள்ள கெடக்கறப்ப அடுப்புப் பத்த வெக்கலாங்களா?"

"அவ செத்து ரெண்டாயிரம் வருசமாச்சு!"

"நமக்கு இன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுது."

எளவு வீட்டுக்குச் சோறு அனுப்புவது பங்காளிகள் கடமை. கருப்பண்ணன் வீட்டிலிருந்து கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் வந்தன. காலையிலிருந்து பட்டினி. தீர்த்தகிரி யோசிக்காமல் மூன்று உருண்டை விழுங்கினார்.

"தின்னாச்சுங்களா?" என்றாள் உண்ணாமலை, மெதுவாக. "ஆத்தாளுக்குன்னு வந்த சோத்தத் தின்னாச்சு. இனி மகன் முறையச் செய்யோணுமில்லீங்க?"

எடுத்த நாலாவது உருண்டையைத் தீர்த்தகிரி திரும்ப வைத்தார்.

"மியூசியத்துத் தொர வந்து பாக்கட்டும் புள்ள..."

"ஆத்தாளக் காட்சிக்கா வெப்பாங்க?" என்றான் கருப்பண்ணன். தெரு முழுவதும் அதையே கேட்டது. ஆத்தா என்று சொன்னவர் தீர்த்தகிரிதானே.

மறுநாள் நாவிதர் வந்தார். தலையும் போயிற்று, மீசையும் போயிற்று. எலும்பு பொறுக்கும் முறைப்படி கால்மாட்டில் தொடங்கித் தலைமாடு வரை ஒவ்வொன்றாக உண்ணாமலைதான் எடுத்துக் கொடுத்தாள். பூலாம்பட்டியில் காவிரிக்குள் இறங்கியபோது மூட்டை கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. யார் பெண்டாட்டியோ. யார் அழுது அந்தக் கிண்ணத்தில் சோறு வைத்தார்களோ. 'ஒரு பேருகூட இல்லாமப் போறாளே' என்று நினைத்ததும் தீர்த்தகிரிக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கரையில் உண்ணாமலையும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் கோட்டும் தலைப்பாகையுமாக மியூசியத்து அதிகாரி வந்து இறங்கினார்.

"எலும்புகள் எங்கே?"

"கரைச்சாச்சுங்க," என்றார் தீர்த்தகிரி, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு.

"கரைத்துவிட்டீரா! தாழி?"

தாழி மண்ணோடு ஒரு மூலையில் இருந்தது. அது இருந்த இடத்தில் புதுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டிருந்த உண்ணாமலை தறியை நிறுத்தினாள்.

"சாமி, ஆத்தா எப்படி இருந்தான்னு நாஞ் சொல்றனுங்க. முட்டி ரெண்டும் நெஞ்சுல முட்டற மாதிரி, கருப்பத்துப் புள்ளையாட்டம் ஒருக்களிச்சு இருந்தா. மொகம் கெழக்க. எடது கையில மூணு சங்கு வளையல், வலதுல ஒண்ணு. கால்மாட்டுல பெரிய கிண்ணம், வாய்க்கு நேரா சின்னது. பாசி கழுத்துல இல்லீங்க, இடுப்புல." வளையல், பாசி, கிண்ணம் எல்லாம் கட்டி வைத்திருந்த துணி முடிச்சுகளை உறியிலிருந்து இறக்கினாள். கால்மாடு, இடுப்பு, கை, தலைமாடு என்று வரிசை தப்பாமல் அவிழ்த்து வைத்தாள்.

அதிகாரி கோபத்தை மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும் வரை அவள் சொல்லச் சொல்ல எழுதினார். படம் வரைந்தார். தீர்த்தகிரி பக்கத்தில் நின்று இரண்டு தடவை இருமிப் பார்த்தார்.

"கொஞ்சம் வெளிச்சத்தை விட்டு நகரும்," என்றார் அதிகாரி.

புரட்டாசிக் கடைசியில் கருப்பண்ணன் பத்திரிகையோடு ஓடி வந்தான். தெருவில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். எல்லோரும் சுற்றி நிற்க, தீர்த்தகிரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"எடப்பாடியில் ஸ்ரீமதி உண்ணாமலை அம்மாள் அரிய கண்டுபிடிப்பு. அம்மையாரின் நுட்பமான ஞாபக சக்தியை அதிகாரிகள் வெகுவாகப் பாராட்டினர்..."

"அப்புறம்? அண்ணா, உன்னையப் பத்தி?"

தீர்த்தகிரி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். கடைசி வரி இருந்தது.

"குழி தோண்ட ஓர் ஆள் அமர்த்தப்பட்டிருந்தார்."