குவாரிப் பாதையில் அந்தோணியார்

தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளலாம் என்று ஒருவனை விட்டுவிட்டால், அவன் எவ்வளவு பெரிய யோக்கியனாக இருந்தாலும் கை நூற்றுக்கு நூறு போடத்தான் துடிக்கும். நானும் போட்டேன். போட்டதோடு நிற்காமல், அதை அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பியும் வைத்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்த தைரியத்தில் பாதி இருந்தால் இன்றைக்கு நான் எங்கேயோ போயிருப்பேன்.

அப்போது தாடிக்கொம்புப் பக்கம் ஒரு கல் குவாரியில் வேலை பார்த்தேன். டைல்ஸ் செய்வதற்கான வெள்ளைக் கல்லை உடைத்து அனுப்பும் குவாரி. உடைப்பது மற்றவர்கள். நான் ஆபீசில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவன். சுற்றுச்சூழல் படித்தவன் என்பதால் எனக்கு அங்கே 'ஆபீசர்' என்று பெயர். (சம்பளத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் மறந்துவிடும்.) வேலை தற்காலிகம். அதுதான் என் பிரச்சினையே. நாகல் நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள் ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் கல்யாணம் பேசி, எல்லாம் கூடி வந்து, கடைசியில் அவள் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ள வேல பெர்மனெண்ட்டுதான?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். நிரந்தரமான பிறகு கோயிலில் கல்யாண ஓலை எழுதலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கல்லை வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் பொறுப்போடு கல் எடுக்கிற குவாரிகளிடம் மட்டுமே வாங்குவார்களாம். ஆடிட் நடக்குமாம். அதற்கு முன்னால் நம்மை நாமே சோதித்துத் தயாராவதற்கு ஒரு சுயமதிப்பீட்டுக் கருவி அனுப்பியிருக்கிறார்களாம். கருவி என்றதும் முதலாளி தங்கவேலு அண்ணாச்சி, தூசி அளக்கிற மீட்டர் மாதிரி ஏதோ பார்சலில் வரும் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தார். வந்தது ஒரு எக்செல் ஃபைல்.

அதில் கேள்விகளாக இருந்தன. தொழிலாளிகளுக்குத் தலைக்கவசம் உண்டா, பாதையில் தண்ணீர் தெளிக்கிறீர்களா, வெடி வைக்கும் நேரம் ஊருக்கு முன்கூட்டியே தெரியுமா, ஊர்க்காரர்கள் குறை சொல்ல வழி உண்டா என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'ஓரளவு', 'முழுமையாக' என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இல்லை' என்றால் கட்டம் சிவப்பாகும். 'ஓரளவு' மஞ்சள். 'முழுமையாக' என்று அழுத்தினால் பச்சைப் பசேல் என்று குளிர்ச்சியாக மாறும்.

முதல் சில கேள்விகளுக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். திரை முழுக்க ரத்தக்களரி. பின்னால் நின்று பார்த்த அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

"ஏலே ஜெரால்டு, என்னலே இது, எங்க பாத்தாலும் செவப்பா இருக்கு? இந்த ஆடிட்டு மட்டும் நல்லபடியா முடியட்டும், ஒன் வேல பெர்மனெண்ட்டு. நான் சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கண்ணில் ஸ்டெல்லா தெரிந்தாள், அவள் அப்பா தெரிந்தார், கல்யாணப் பத்திரிகை தெரிந்தது. மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். தலைக்கவசமா? முழுமையாக. (இருந்தது. அதில் எங்கள் ஆட்கள் டீக்கடையிலிருந்து வடை வாங்கி வருவார்கள்.) முதலுதவிப் பெட்டியா? முழுமையாக. (உள்ளே ஒரு கொசுவர்த்தியும் பாதி தேங்காயெண்ணெயும் கிடந்தன.) பாதைக்குத் தண்ணீர் தெளிக்கிறீர்களா? முழுமையாக. (தண்ணீர் லாரி தினமும் போனது உண்மை. போனது அண்ணாச்சியின் தென்னந்தோப்புக்கு.) சாயங்காலத்துக்குள் திரை முழுவதையும் நஞ்சை வயல்போல் ஆக்கிவிட்டேன். அந்த ஃபைலைப் பார்த்தால் யாருக்கும் அங்கே கல் உடைக்கிறார்கள் என்றே தோன்றாது, ஏதோ ஆசிரமம் நடத்துகிறார்கள் என்றுதான் தோன்றும்.

அனுப்பிய மூன்றாம் நாள் பதில் வந்தது. இதுவரை எந்தக் குவாரியும் எல்லாவற்றிலும் பச்சை போட்டு அனுப்பியதில்லை, மிக்க மகிழ்ச்சி என்று முதல் வரி. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இரண்டாவது வரியில் காலர் தானாகவே இறங்கியது. சிவப்பும் மஞ்சளும் போட்டவர்கள், எப்போது சரிசெய்வோம் என்று ஒரு திட்டம் மட்டும் காட்டினால் போதுமாம். பச்சை போட்டவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டுமாம். அடுத்த மாதம் ஆடிட்டர் நேரில் வந்து பார்ப்பாராம்.

அதாவது, இந்தக் கருவியே நம் ஓட்டையை நாமே பார்த்துக்கொள்ளத்தான். நான் ஓட்டையை அடைத்து அதன்மேல் பச்சை வர்ணம் பூசியிருந்தேன். திருத்தி அனுப்பலாமா என்று பார்த்தேன். அனுப்பிய பிறகு ஃபைல் பூட்டிக்கொள்ளுமாம். திண்டுக்கல்காரனுக்கே பூட்டா என்று ஒரு கணம் ரோஷம் வந்தது. வந்து என்ன செய்ய?

அந்த மாதம் முழுக்க நான் ஆதாரம் தயாரிக்கும் தொழிற்சாலையாக இருந்தேன். தலைக்கவசங்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மிச்சமிருந்த பெரிய கேள்வி, குறை சொல்லும் பெட்டி. ஊர் ஜனங்கள் குவாரிக்குள் வராமலே குறையை எழுதிப் போட ஒரு பெட்டி பல காலமாக இருக்கிறது என்று நான் பச்சை அடித்திருந்தேன். இல்லாத பெட்டிக்கு எங்கே போவது? புதுப்பெட்டி வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய பெட்டிதான் வேண்டும்.

நாகல் நகரில் ஒரு பழைய சாமான் கடையில் அது கிடைத்தது. நல்ல தேக்குப் பெட்டி, மேலே சீட்டுப் போடும் துளை. ஏதோ ஒரு மாதாகோயிலில் விண்ணப்பப் பெட்டியாக இருந்து கழித்துப் போட்டதாம். முகப்பில் கையில் குழந்தை இயேசுவோடு அந்தோணியார், எனாமல் பெயிண்டில். சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. (வேதக்காரன் அந்தோணியாரைச் சுரண்டினால் விளங்குவானா?) புதுப் பெயிண்ட் அடித்தால் வாடை காட்டிக்கொடுக்கும் என்று பொங்கலுக்கு ஆபீஸ் வெள்ளையடித்ததில் மீந்த சுண்ணாம்பைப் பூசினேன். அதன்மேல் காவியால் 'புகார்ப் பெட்டி' என்று எழுதினேன். குவாரிக்குப் பின்பக்கம், ஊர்ப்பாதை வந்து சேரும் இடத்தில் ஒரு வேப்பமரத்தில் மாட்டி, பூட்டுப் போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மெயின்ரோட்டுப் பக்கமாகவே பஸ்ஸில் வந்து போகிறவன் நான், அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெட்டி வைத்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, முடிந்தது. அதற்குள் யார் என்ன போடப் போகிறார்கள்?

ஆடிட் நாளும் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வெயிலுக்குத் தொப்பி, காலில் பூட்ஸ், பேச்சில் அத்தனை மரியாதை. ஒவ்வொன்றாகப் பார்த்து, "சரிங்க" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். அந்தச் 'சரிங்க'வில் ஒரு சரியும் இல்லை என்று எனக்குப் போகப்போகத்தான் உறைத்தது. தலைக்கவசம் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அண்ணாச்சி என்னை முறைத்தார். கடைசியாக, புகார்ப் பெட்டியைப் பார்க்கலாமா என்றார். நான் உற்சாகமாக முன்னால் நடந்தேன். என் பச்சைகளில் பார்க்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

வேப்பமரத்தடிக்குப் போனதும் அப்படியே நின்றுவிட்டேன். நடுவில் பெய்த ஒரு மழையில் சுண்ணாம்பு, காவி எல்லாம் கரைந்து போய், பளிச்சென்று அந்தோணியார் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மல்லிகை மாலை. கீழே மெழுகுவத்தி எரிந்த தடம், ஊதுபத்தி, இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய் மூடி. மழையில் சாமி தானாகவே வெளியே வந்தார் என்று ஊரே வந்து கும்பிட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தோணியாருக்குச் சாதி மதம் கிடையாது. செவ்வாய்க்கிழமை என்றால் எல்லாரும் வருவார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கு பிடிக்கப்போய் அந்தோணியாராய் முடிந்திருந்தது.

"ஏனுங்க தம்பி, இதுதானுங்களா உங்க புகார்ப் பெட்டி?"

நான் ஆமாம் என்றும் இல்லை என்றும் பொதுவாகத் தலையை ஆட்டினேன். திறக்கச் சொன்னார். திறந்தேன். சீட்டுகள் பொலபொலவென்று காலடியில் கொட்டின.

ஆடிட்டர் அம்மா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். மருமகன் குடியை விடணும். சரிங்க. மகளுக்குப் பேறுகாலம் நல்லபடியாக நடக்கணும். சரிங்க. அடுத்த சீட்டில் குரல் மாறியது. மல்லிகைச் செடியெல்லாம் கல்தூசி படிந்து மொட்டுக் கருகிப் போகிறது, தண்ணி லாரி இந்தப் பாதையில் ஓட, அந்தோணியாரே, நீர்தான் வழி செய்யணும். அண்ணாச்சி தென்னை மரம் இருக்கும் திசையைப் பார்த்தார். இன்னொன்றில், எப்போது வெடி போடுவார்கள் என்று முன்னமே தெரிந்தால் கன்றுக்குட்டியைத் தூரத்தில் கட்டிக்கொள்வோம், சத்தத்தில் மிரண்டு பால் குடிக்க மாட்டேன் என்கிறது. இப்படியே வரிசையாக. நான் பச்சை போட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஊர் ஜனங்கள் அந்தோணியாரிடம் சிவப்புப் போட்டு வைத்திருந்தார்கள்.

பிறகு ஒரு சீட்டு எடுத்தார். தலைப்பில் 'சே.ம.சூ.' என்று போட்டிருந்தது. சேசு, மரி, சூசை என்று தலைப்பில் எழுதாமல் மளிகைச் சாமான் சீட்டுக்கூட எழுதாத ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். அந்தக் கோணல் 'ம'வையும் தெரியும். பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று யோசிப்பதற்குள் அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"புனித அந்தோணியாரே, என் மகன் ஜெரால்டு இந்தக் குவாரியில்தான் வேலை பார்க்கிறான். முதலாளி மனம் இரங்கி அவன் வேலையை நிரந்தரம் பண்ண வேண்டும். கல்யாணம் அதனால் நிற்கிறது. பையன் நல்லவன். ஆனால் எதையும் அரையும் குறையுமாகச் செய்துவிட்டு முடித்துவிட்டேன் என்பான். அதையும் நீரே திருத்தும்."

எங்கள் தெருவுக்குப் பூ விற்க வரும் அக்கா அந்த ஊர்க்காரி. அவள் சொல்லி, அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று என்னிடம் மூச்சு விடவில்லை. நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆதாரம் தயாரித்துக்கொண்டிருந்தபோது, மறுபக்கத்தில் என் அம்மா வெயிலில் நின்று என்னைப் பற்றி ஆதாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். குவாரிதானே, ஏற்கெனவே பிளந்துதான் கிடந்தது, நூறு அடி தள்ளி.

ஆடிட்டர் அம்மா சீட்டை மடித்தார். "ஜெரால்டுங்கறது நீங்கதானுங்க?"

அதற்குமேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எல்லாப் பச்சையும் பொய் என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டேன். பெட்டி வாங்கியது, சுண்ணாம்பு அடித்தது, எல்லாம். வேலை போயிற்று, ஸ்டெல்லா போயிற்று என்று மனசுக்குள் ஒரு பக்கம் ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்ததும், என்னவோ தெரியவில்லை, மூட்டை இறக்கிய மாதிரி லேசாக இருந்தது.

ஆடிட்டர் அம்மா லேப்டாப்பைத் திறந்து, என் பச்சைகளை ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தார். தலைக்கவசம் மஞ்சள். தண்ணீர் சிவப்பு. வெடி நேரம் சிவப்பு. புகார்ப் பெட்டி வந்ததும் நிறுத்தினார்.

"இத நான் மாத்தமாட்டனுங்க. நான் பாத்த முக்காவாசிப் பெட்டியில சிலந்திதான் குடியிருக்கும். இதுல ஊரே எழுதிப் போட்டிருக்குதுங்க."

குவாரிக்குத் தடை இல்லை, ஆறு மாதம் அவகாசம் தருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியில் வந்த குறை ஒவ்வொன்றுக்கும் நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும். கருவியில் அப்படித்தான் இருக்கிறதாம்.

அண்ணாச்சி ஆடிப்போனார். "ஏம்மா, சாமிகிட்ட கேட்டதுக்கு நான் எப்படிம்மா பதில் எழுதுறது?"

"உங்களால முடிஞ்சதுக்கு நீங்க எழுதுங்க. மிச்சத்த அவரு பாத்துக்குவாருங்க."

அவர் காரில் ஏறிப் போனதும் அண்ணாச்சி என்னை அறைக்குள் கூப்பிட்டார். போகும்போதே என் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனேன், திரும்ப வந்து எடுக்கிற அவமானம் வேண்டாம் என்று. என் அம்மாவின் சீட்டை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

"ஒன்னய நான் இன்னைக்கு அடிச்சு வெரட்டிருப்பேன்லே. ஆனா இம்புட்டுச் சரியா ஒன்னயப் பத்தி எழுதுன ஆத்தாவுக்கு நான் என்னன்னு பதில் எழுதுவேன்? போ, போயி மொதல்ல தண்ணி லாரிய இங்கிட்டுத் திருப்பி விடச் சொல்லு."

வெளியே வந்து தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கல்தூசி என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். (அதற்கு அவர் ஆதாரம் கேட்கவில்லை, நல்ல மனிதர்.)

லாரி அந்தப் பாதையில் ஓட ஆரம்பித்தது. வெடி நேரத்தை எழுதி மாட்ட ஒரு பலகை வந்தது. பெட்டி மட்டும் அந்தோணியாரோடு அங்கேயே இருக்கிறது, சாவி என்னிடம்தான். இப்போது வாரா வாரம் திறக்கிறேன்.

அம்மாவுக்கு முத்திரையோடு ஒரு பதில் கடிதம் போனது. அதை இன்றைக்கும் வீட்டில் அந்தோணியார் படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறாள். அண்ணாச்சி கைப்பட எழுதியது. முதல் கோரிக்கை, வேலை நிரந்தரம்: நிறைவேற்றப்பட்டது. அதற்கு நேரே ஒரு பச்சைக் கோடு. இரண்டாவது கோரிக்கை, மகனின் குணம் திருந்துவது: நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. அதற்கு நேரே மஞ்சள்.

கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள். போன வாரம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி முடித்துவிட்டேன் என்று மேலேயிருந்து குரல் கொடுத்தேன். ஸ்டெல்லா ஏணியில் ஏறி வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள்.

"அத்தே, இன்னும் மஞ்சள்தான்!"